சல்லடையின் அக்கா

"சொல்லாம இருப்பேனாடா? உன் போன்தான்..."

"போன் பையில கிடந்தா என்ன? அங்க ஆளே இல்லையா? கூட அத்தனை பேரு..."

"சொல்றதக் கேளு. மேனேஜருக்குப் போட்டேன். எடுத்தவுடனே..."

"மேனேஜருக்கா? எப்ப?"

"காலையில."

"காலையிலயேவா!"

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சொல்லை வெளியே விட்டிருக்கக் கூடாது. தம்பி சமையல் மேடையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றான். விரல்களில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை அவன் இன்னும் அவிழ்க்கவில்லை. நேற்று ஆட்டத்துக்குச் சுற்றியது, ஓரங்களில் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அம்மாவை வைத்திருந்த குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

சின்னம்மா கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"எதுவா இருந்தாலும் எடுத்தப்புறம் பேசிக்குங்க. வந்தவங்க எல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"நீங்க போங்க சின்னம்மா."

"போறேன். பிளாஸ்க்கை எடுக்க வந்தேன். உங்க சண்டைக்கு நடுவர் வேலை பாக்க வரல." பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

ஆட்டத்தன்று காலைச் சாப்பாடு முடிந்ததும் எல்லாருடைய போனையும் ஒரு துணிப்பையில் வாங்கி வைத்துவிடுவது அவர்கள் கிளப்பின் வழக்கம். பை மேனேஜர் தோளில் தொங்கும். ஆட்டம் முடிந்து குளித்துவிட்டு வந்த பிறகுதான் போன் திரும்பக் கைக்கு வரும். தேசியக் கால்பந்து லீகில் கடைசி இடத்தில் கிடக்கிற அணிக்கு, ஊர்க்காரர்கள் போனில் அனுப்பும் வசவுகளைப் படிக்காமல் இருப்பதே பாதி பலம் என்று கோச் சொல்வாராம். வீட்டில் அவசரம் என்றால் மேனேஜருக்குத்தான் கூப்பிட வேண்டும். ஆட்டக்காரர்கள் எல்லார் வீட்டிலும் அந்த நம்பர் இருந்தது.

"அப்ப அந்தாளு காலையிலயே தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்னைக் கிரவுண்டுல இறக்கி விட்டிருக்கான்." தம்பி குரலைத் தாழ்த்தினான். கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. "அம்மா உயிரோட இருக்கறப்பவே."

"அவரு பாவம், என்ன பண்ணு..."

"அவருக்கு வக்காலத்து வாங்காதக்கா! நான் கிளவுஸைக் கால்ல மாட்டிக்கிட்டு பெஞ்சு மேல குதிக்கிறேன். அந்தாளு கதவோரமா, பையைத் தோள்ல போட்டுக்கிட்டு பாத்துக்கிட்டே நிக்கிறான். பேயறைஞ்ச மாதிரி மூஞ்சி. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மனுஷன் ஜெயிச்ச அதிர்ச்சியிலேர்ந்து இன்னும் மீளலைன்னு நெனச்சேன். அதைச் சொல்லி அவனைக் கேலி வேற பண்ணேன்."

ஜெயித்தால் கோல்கீப்பர் கையுறைகளைக் காலில் மாட்டிக்கொண்டு உடை மாற்றும் அறையின் பெஞ்சில் ஏறி ஆட வேண்டும். அதுவும் அந்தக் கிளப்பின் பழக்கம்தான். இந்த சீசனில் பெஞ்சுக்கு வேலையே இருக்கவில்லை. நேற்று இருந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சின்னம்மாவும் அக்காவும் அம்மாவுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் யாருடைய போனிலிருந்தோ அந்தப் பாட்டுச் சத்தமும் விசில்களும் கேட்டன. "தாய் செத்துக் கிடக்கா, மகன் ஆடுற ஆட்டத்தைப் பாரு" என்றது ஒரு குரல். "அவனுக்குத் தெரியாதுய்யா" என்றது இன்னொன்று. "தெரியாமலா இருக்கும்?" என்றது மூன்றாவது.

அந்தப் பேச்சு அவன் காதுக்கும் வந்திருக்கும். காலையில் வந்து இறங்கியவன் வாசலில் இருந்தவர்களைத் தலைநிமிர்ந்து பார்க்காமல்தான் உள்ளே வந்தான்.

"நான் என்னைக்குமே மறக்க மாட்டேன்" என்றான் இப்போது. "செத்தாலும் அந்தாளு மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"முகம் கழுவிட்டு வாடா. கிளப்லேர்ந்து வருவாங்க."

"வரட்டும்."

அவன் பின்கட்டுக்குப் போனான். அக்கா கழுவியிருந்த டம்ளர்களையே மறுபடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே தம்பிக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலரியில் பிறந்த பெயர் தெருவுக்கு வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. "தலைவலி மாத்திரை குடும்மா, நேத்து உன் தம்பி ஆட்டத்தைப் பாத்தேன்" என்பார் எதிர்க்கடைத் தையல்காரர். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பாள். ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர், "நீங்க சல்லடைக்கு அக்காவாமே?" என்று கேட்டபோது, "இல்லையே, அது வேற வீடு" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா அப்படி இல்லை. உடம்பு விழுகிறவரை ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் போய் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து யாராவது திட்டினால் திரும்பி, "அவனுக்கு முன்னாடி நிக்கிறவனுங்க என்ன பண்றானுங்கன்னு ஒரு வார்த்தை கேளேன்டா! நீ வந்து நில்லு, பாப்போம்!" என்பாள். வீட்டுக்கு வந்த பிறகு மகனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சாப்பிட்டியா?"

நேற்றுக் காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கம்மா."

அவள் உடனே கூப்பிட்டாள். அது உண்மைதான்.

"சார், நான் கோல்கீப்பரோட அக்கா பேசறேன். அம்மாவுக்கு ரொம்ப முடியல. டாக்டர் வரச் சொல்லச் சொல்றாரு."

"அய்யோ. வைங்கம்மா, இப்பவே வண்டி ஏற்பாடு பண்றேன். இப்பக் கிளம்புனா மதியத்துக்குள்ள வந்துடுவான்."

"அப்ப... யாரு நிப்பாங்க சார்?"

"யாரு நிப்பாங்கன்னா? ரெண்டாவது கீப்பருக்குத் தோள்பட்டை சரியில்ல. யாரையாவது நிக்க வைக்கணும். அதை விடுங்க, அது எங்க பாடு."

"தோத்தா?"

"தோத்தா லீகை விட்டு இறங்கிட வேண்டியதுதான். ஏம்மா இப்ப அதெல்லாம் கேக்கறீங்க?"

இறங்கினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கடைசி ஆட்டத்தில் ஓடிப் போய்விட்டான் என்பார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொன்னான் என்பார்கள். எதிர்க்கடைத் தையல்காரர் என்ன மாத்திரை கேட்பார் என்பதுகூட அவள் காதில் விழுந்துவிட்டது.

"வேண்டாம் சார்" என்றாள். "விளையாடிட்டே வரட்டும். அம்மா தாங்குவாங்க."



"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களாம்மா?"

"ஆமா சார். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் மனசு உடைஞ்சா விளையாட மாட்டான்."

அம்மா மத்தியானம் ஒரு முறை கண்ணைத் திறந்தாள். "வந்துட்டானா?"

"வந்துக்கிட்டே இருக்காம்மா."

ராத்திரி ஆட்டம் தொடங்கியதும் டிவியைச் சத்தமில்லாமல் வைத்தாள். கட்டிலருகில் நாற்காலி போட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள். இரண்டாம் பாதியில் இவர்கள் எப்படியோ ஒரு கோல் போட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. தம்பி கோல் கோட்டில் நின்று கைகளை விரித்தான். அவள் டிவியையே பார்த்தாள். அவன் இடதுபக்கம் பாய்ந்தான். தெருவே கத்தியது. யாரோ ஜன்னலைத் தட்டி, "அக்கா, சல்லடை புடிச்சுட்டான்கா!" என்று கூவிவிட்டு ஓடினார்கள்.

"அம்மா! புடிச்சுட்டாம்மா!" என்று திரும்பினாள்.

கை அவள் கையில்தான் இருந்தது. எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னம்மா ஓடிவந்து, "எப்பம்மா?" என்று கேட்டபோது, "இப்பத்தான்" என்றாள்.

வாசலில் பெரிய வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

ஆட்டக்காரர்கள் கிளப்பின் நீலச் சட்டையில், குளித்துத் தலை வாரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உள்ளே வந்தார்கள். கூடம் சின்னது. பாதிப்பேர் வாசலிலேயே நின்றார்கள். நேற்று வரை இவர்களைத் திட்டிய தெருக்காரர்கள் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். கடைசியாக மேனேஜர் வந்தார். வழுக்கைத் தலை, கசங்கிய சட்டை, தோளில் அந்தத் துணிப்பை, கையில் மலர்வளையம். நேராகப் பெட்டியின் பக்கம் நடந்தார்.

தம்பி குறுக்கே வந்து நின்றான்.

"நீங்க வைக்காதீங்க."

"என்னப்பா..."

"நீங்க வைக்கக் கூடாது. கையை எடுங்க."

சின்னம்மா, "சாவு வீட்டுல என்னடா இது?" என்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"காலையிலயே எங்க அக்கா உங்களுக்குப் போன் பண்ணியிருக்கா. எங்கம்மா உயிரோட இருந்தாங்க. உங்களுக்கு ஒரு ஆட்டம் ஜெயிக்கணும். அதுக்காக என் அம்மாவ..." 

அணியின் கேப்டன், நல்ல உயரமான ஆள், அவன் தோளைப் பிடித்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். "சார், உண்மையா? தெரிஞ்சும் சொல்லலையா?"

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். அதில் கோபம் எதுவும் இல்லை. 'நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா' என்று கேட்பது போல இருந்தது.

கேப்டனும் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க கூப்பிட்டப்ப இவரு என்ன சொன்னாரு? ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும், இன்னைக்கே கிளப் தலைவர்கிட்ட பேசிடறோம். இப்படிப்பட்ட ஆளு எங்களுக்கு வேண்டாம்."

கூடம் முழுக்க அவளைப் பார்த்தது. எதிர்க்கடைத் தையல்காரர்கூட, கையில் டீ டம்ளரோடு, கண்ணைக் கூராக்கிக்கொண்டு பார்த்தார். தம்பியும் பார்த்தான். அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவள் மலர்வளையத்தின் ஈரம் மேனேஜரின் சட்டையை நனைத்து, வயிற்றுப் பக்கம் கறையாகப் பரவியிருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்லியிருப்பேன்" என்றார் மேனேஜர், அவளுக்கு முந்திக்கொண்டு. "நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பாத்துக்கல. அவ்வளவுதாம்பா."

மலர்வளையத்தைக் கேப்டன் கையில் கொடுத்தார். தோளிலிருந்த துணிப்பையையும் கழற்றி அவரிடமே கொடுத்தார். வந்த வழியாகவே வெளியே போனார். வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "தூ" என்று யாரோ துப்பினார்கள்.

அக்கா பின்கட்டு வழியாக ஓடி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள். செருப்புப் போடவில்லை. அவர் அணி வந்த பேருந்துக்குப் போகாமல் நடந்தே போய்க்கொண்டிருந்தார்.

"சார்!"

நின்றார்.

"சார், நான் உள்ள போய்ச் சொல்லிடறேன். இப்பவே. எல்லார் முன்னாடியும்."

"சொல்லுங்க."

அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துச் சட்டையின் ஈரத்தைத் துடைக்கப் பார்த்தார்.

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்கல்ல" என்றார், சட்டையைப் பார்த்துக்கொண்டே. "அப்ப எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சும்மா. யோசிச்சுச் சொல்றீங்களான்னு ஒரு தடவைதான் கேட்டேன். ரெண்டாந்தடவை கேட்டா மாத்திச் சொல்லிடுவீங்களோன்னு பயம். அதனால, அங்க நான் வாங்கிக் கட்டிக்கிட்டது ஒண்ணும் அநியாயம் இல்ல."

"இருந்தாலும் உங்க வேலை..."

"எந்த அணியும் வருஷத்துக்கு ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பித்தான் ஆகணும். இந்த வருஷம் கோச்சு தப்பிச்சாரு." சிரிக்க முயன்றார், வரவில்லை. "பெனால்டியை நல்லாப் புடிச்சான் இல்ல?"

அவள் தலையை ஆட்டினாள். அப்படி ஆட்டியதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

"போங்கம்மா. தேடுவாங்க."

அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அவள் வந்த சந்து வழியாகவே திரும்பினாள். வழியில் ஒரு வீட்டு ஜன்னலில் நேற்றைய ஆட்டத்தை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். நடையைக் கூட்டினாள்.

கூடத்துக்குள் நுழைந்தபோது பேச்சு நின்று மறுபடி தொடங்கியது. கேப்டன் மலர்வளையத்தை அம்மாவின் கால்மாட்டில் வைத்திருந்தார். தம்பி தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

"எங்க போயிட்ட? உக்காரு. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்க."

உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் அம்மாவின் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சின்னம்மா யாரிடமோ வண்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி அவள் தோளில் தலையைச் சாய்த்தான். பெரிய உடம்பு, கனத்தது. அவள் அசையாமல் இருந்தாள்.

"என்னைக் கூப்பிடணும்னு நெனச்சது நீ ஒருத்திதான்க்கா."