பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை

வேனின் பின்கதவுக் கைப்பிடி சுட்டது. நாகவல்லி முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். இறப்புச் சான்றிதழுக்கு அண்ணன் ஏகப்பனின் ஆதார் அட்டை வேண்டும். அவரைக் காலையில்தான் தகனம் செய்திருந்தார்கள்.

“கூடப்பொறந்தவ இருக்கா. மனுசன் தகரத்துக்குள்ள வெந்து செத்துருக்காக” என்று பாடை எடுக்கும்போது யாரோ அவள் காதுபடவே சொல்லியிருந்தார்கள்.

மூன்று வருடமாக அவருக்கு வீடு இந்த வேன்தான். தேவகோட்டை ரோட்டில், அல்லாபிச்சையின் பஞ்சர் கடையை ஒட்டி நிற்கும்.

“மூணு கோடையை இதுக்குள்ள எப்படிண்ணே கழிச்சாக?” என்று கடைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

அல்லாபிச்சை கையைத் துடைத்தபடி வந்தார். “கெட்டிக்காரருத்தா. கூரைக்கு மேல சாணளவு விட்டுத் தார்ப்பாய் கட்டுவாக. கதவுல நனைச்ச சாக்கு. பதினொண்ணு அடிச்சா உள்ள இருக்கவே மாட்டாக. பேங்க்குக்குப் போயி ஏசியில உக்காந்துக்கிருவாக. வாட்ச்மேன், ‘என்ன முதலாளி, இன்னிக்கு எவ்வளவு போடுறீக’ம்பான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனிடம் பாஸ்புக்கே கிடையாது.

“பெறகு நேத்து ஏன் உள்ளயே இருந்தாக?”

“அதான் புரியல. தார்ப்பாயையும் சாக்கையும் காலையில அவுகளே கழட்டிட்டாக, பாக்க நல்லால்லன்னு. தொழுதுட்டு ஒண்ணேகாலுக்கு வாரேன், சாஞ்சு கெடக்காக. வெள்ளைச் சட்டை வேற. ஆம்புலன்ஸ்ல நானும் ஏறிட்டேன்.”

தார்ப்பாயும் சாக்குகளும் மடித்து, வண்டிக்கு அடியில் செருகப்பட்டிருந்தன. உள்ளே புதுப் பாய். அதன்மேல் திறக்காத பன்னீர் சோடா ஒன்றும் கழுவிய டம்ளர்கள் இரண்டும்.

நாகவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள்.

மகனின் காதுகுத்துக்குத் தாய்மாமனை அழைக்க வேண்டியிருந்தது. “தெருவுல நின்னு தட்டு வாங்க மாட்டேன். என் வீட்டுக்கு வந்து வையி” என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார். நேற்றுப் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பஸ் தாமதம். காரைக்குடியில் இறங்கும்போது பன்னிரண்டு. புதன்கிழமை; ஒன்றரை வரை ராகு காலம். தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். போன் செய்யத் தோன்றவில்லை. அவள் வந்தபோது வேன் காலியாக இருந்தது.

“யாரையும் எதிர்பார்த்தாகளோ என்னமோ” என்றார் அல்லாபிச்சை.

நாகவல்லி ஏறிப் பாயில் உட்கார்ந்தாள். தகரம் முதுகைச் சுட்டது.

“வெளிய வாத்தா. உள்ள இருக்க முடியாது.”

“வாரேண்ணே.”

சோடாவைத் திறந்தாள். சூட்டில் நுரை பொங்கி விரல்களில் வழிந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு டம்ளர்களிலும் ஊற்றினாள்.