துணிக்குப் பின்னால் நின்றவள்

அந்தத் தெருப் போட்டோக்காரருக்கு இலை நரம்பென்றால் உயிர். கல்யாணத்துக்குப் படமெடுக்கக் கூப்பிட்டால், மாப்பிள்ளையை அம்போவென்று விட்டுவிட்டு வாசல் தொட்டிச் செடியின் முன் குந்திவிடுவார். 'இலைக்காரர்' என்ற பட்டம் சும்மாவா வந்தது?

மாடியில் நாற்பது தொட்டி. செடிக்குப் பின்னால் வேறெதுவும் தெரியாதபடி கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது மனைவியின் வேலை. முப்பத்தோரு வருஷம் பிடித்தாள்.

"அசையாதே!"

"நான் எங்க அசைஞ்சேன்? காத்து அசையுது. அதுகிட்ட அதட்டுங்களேன், பாப்போம்."

போன மாசம் காய்ச்சலென்று படுத்தவள், மூன்றாம் நாள் போய்விட்டாள்.

சுவரில் மாட்ட அம்மா படம் வேண்டுமென்றாள் மகள். போட்டோக்காரர் வீட்டில் அதற்கா பஞ்சம் என்றது தெரு. பஞ்சம்தான். இலைக்காரர் பதினெட்டாயிரம் படங்களைத் துழாவினார். பெரணி, கள்ளி, சேம்பு. ஓரத்தில் எங்காவது துணியைப் பற்றிய நாலு விரல்.

"உன் போன்ல இருக்குமேம்மா?"

"போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்குவாங்கப்பா. 'எடுக்க வேண்டிய ஆளு ஒருநாள் எடுப்பாரு, நீ சும்மா கெட'ன்னுவாங்க."

அவர் மறுபடி முதலிலிருந்து தேடினார்.

தேடத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒன்று அகப்பட்டது. தும்மல் வந்து துணியை நழுவவிட்டவள், சேம்பிலைக்குப் பின்னால் சிரிக்கிறாள். இலையில் நரம்பு நரம்பாக எண்ணலாம். அவள் முகம் மட்டும் புகை மூட்டம். படத்தைக் கெடுத்தாளென்று அன்றைக்கு அவளைத் திட்டியதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"படத்துலேர்ந்து செடியை வெட்டிடுங்கப்பா."

வெட்டினார். இலையை ஒட்டித் தெரிந்த பாதிக் கன்னமும் அதோடு போயிற்று.

சட்டம் போடும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பெருசு பண்ணினா இன்னும் கலங்கும் சார். யாரு எடுத்தது இதை?"

"நான்தான்."

கடைக்காரர் தலை குனிந்துகொண்டார்.

"எவ்வளவு சின்னதா போட்டா முகம் தெரியும்?"

"தீப்பெட்டி அளவுன்னா... ஒருமாதிரி தெரியும்."

"அப்படியே போடுங்க."

தீப்பெட்டி அளவுப் படத்தை அவ்வளவு பெரிய சுவரில் மாட்டியிருக்கிறாரே என்று தெருவே போய்ப் பார்த்துச் சிரிக்க நினைத்தது, முடியவில்லை. மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்தில் நின்றால்தான் அவள் தெரிகிறாள். பார்க்கப் போனவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். அந்த இடத்தில் எப்போதும் அவரே நிற்கிறார்.