மேற்கு எல்லை

அடையாள அட்டையைத் தேடி அப்பாவின் மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினாள் அவள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தது. இறப்புச் சான்றிதழ் எழுத மருத்துவர் காத்திருந்தார். அப்பாவின் தலைமாட்டிலேயே அண்ணனும் அத்தையும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"பதிவு பண்ணாத விற்பனை செல்லாது அத்தை. வீடு மொத்தத்தையும் வாங்க ஆள் வந்திருக்கு. உங்கள நான் வச்சுப் பாத்துக்கறேன்."

"உன் வீட்டு மூலை எனக்கெதுக்குடா? பின்கட்டு என்னோடது. முப்பது வருஷம் முன்னாடியே நகையெல்லாம் வித்து உங்கப்பன் கையில குடுத்துட்டேன்."

"பத்திரம் இருந்தா காட்டுங்க."

அத்தை, கிடத்தியிருந்த தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "எந்திரிச்சு நீயே சொல்லேண்டா."

ஊரார் பத்திரத்தையெல்லாம் எழுதியே பிழைத்த மனிதர் அப்பா. அவருக்குப் பத்து வருஷம் தட்டச்சு செய்துகொடுத்த மகள் அவள். கூடப்பிறந்தவளுக்கு ஒன்று எழுத அப்படி என்ன தடங்கல்? சாவு வீட்டில் கேட்கக்கூடாத கேள்விதான். மனசைக் குடைந்துகொண்டே இருந்தது.

அட்டை கிடைத்தது. அதற்கடியில் ஒரு கட்டு வரைவுகள். பதினொன்று, எல்லாம் அப்பாவின் கையெழுத்து. 'முழுக்கிரயமும் பெற்றுக்கொண்டு பின்கட்டை என் அக்காளிடம் ஒப்படைத்துவிட்டேன்.' பிறகு நான்கு எல்லைகள். கிழக்கு, வடக்கு, தெற்கு சரி. 'மேற்கே நடுச்சுவர், அதிலுள்ள கதவு' என்பதோடு பேனா நின்றிருந்தது. பதினொன்றிலும்.

"அத்தை, 'கதவு'ங்கறதுக்கு அப்புறம் அப்பா ஏன் எழுதவே இல்ல?"

"அதக் கேளு. 'பதியணும்னா கதவு யாருதுன்னு எழுதணும்க்கா, தாழ்ப்பாள் உன் பக்கமா, என் பக்கமா'ம்பான். 'உன் பக்கம்னா நீ சாத்திடுவே, என் பக்கம்னா கோவத்துல நான் சாத்திடுவேன்'ம்பேன். 'சரி, அப்புறம் எழுதறேன்'னு போயிடுவான்."

"முப்பது வருஷமாவா?"

"நடுவுல ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தையே இல்ல. அப்பவும் கதவு தொறந்துதான் கெடந்துது."

மருத்துவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

அண்ணன் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஏழாவதிலோ எட்டாவதிலோ விரல் நின்றது.

"இதுவும் செல்லாது," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"செல்லாதுதான். நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பதிஞ்சு குடுத்தா செல்லும்," என்றாள் தங்கை.

வாசலிலிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "முன்தெருவுல குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்க சார். வண்டி வராது. பின்பக்கமா கொண்டாரட்டுமா?"

அண்ணன் தாள்களைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அத்தையின் எதிரில் வந்து நின்றான்.

"அத்தை, உங்க வீட்டு வழியா அப்பாவ எடுத்துட்டுப் போகலாமா?"

அத்தை அவனை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். "அய்யோ, வீடு போட்டது போட்டபடி கெடக்கேடா!"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் விறுவிறுவென்று நடுச்சுவர்க் கதவு வழியாகப் பின்கட்டுக்குள் போனாள். கொடியில் கிடந்த துணிகளை அவள் இரண்டு கையாலும் அவசரமாக வாரிக்கொள்வது கூடத்திலிருந்தே தெரிந்தது.