காற்று திரும்புகிற துவாரம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. குளிரூட்டி பூட்டித் தந்த கொம்பனிக்கு நான் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம். பதினைந்து வருஷம் ஓடும் என்றார்கள். ஆறே வருஷத்தில் மெசின் செத்துப்போனது. நாலு கேள்வி கேட்கத்தான் பேனையை எடுத்தேன். என் பெயர் சவுந்தரநாயகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்துக் குளிர்க்களஞ்சியத்தில் மீன்பெட்டி அடுக்கியவன். எழுத்து வராது, ஆனால் யாரையாவது ஏச வேண்டுமென்றால் வரும்.

கடிதம் நாலு பக்கம் போனதும் அதற்குள் ஆட்கள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். போனில் வாசித்துக் காட்டினேன். ரொறன்ரோவிலிருந்து மகன் கிளின்ரன் சிரித்தான்.

"அப்பா, இது கடிதம் இல்லை, கதை. கொம்பனிக்காரன் வாசிக்க மாட்டான். வேற ஆரும் வாசிக்கட்டும்."

அந்த வேற ஆள் நீங்கள். சரி, வாசியுங்கள். ஆனால் அப்படியே நம்பிவிட வேண்டாம். நான் ஒருத்தரையும் நம்புகிறவன் இல்லை. என்னை மட்டும் நம்புங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி ஓர் அழகான வீடு—

பொய். அழகும் இல்லை ஒன்றும் இல்லை. மகன் காசு அனுப்ப, கடற்காற்று வரும் பக்கம் முழுவதும் திறக்கவே முடியாத கண்ணாடியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே சும்மா கிடக்கிற காற்றை மறித்துவிட்டு உள்ளே காற்றுக்கு மெசின். ஒரே மெசின்தான், வீடு முழுவதற்கும். சீலிங்குக்கு மேலால் தகரக் குழாய் ஓடி ஒவ்வோர் அறைக்கும் குளிர் வரும். வந்த காற்று, ஹோல் சுவரில் கம்பி அடித்த ஒரு பெரிய துவாரத்தால் மெசினுக்குத் திரும்பிப் போகும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்தால் போதும்— [இதை விடுகிறேன். பழைய வீட்டைப் பற்றிப் புலம்ப நான் உட்காரவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: பங்குனியில் ஒரு வியாழக்கிழமை மெசின் நின்றது. அடுத்த வியாழக்கிழமை என் மனைவி றஞ்சிதம் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள்.

இதுதான் தொடக்கம். இதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு இருதயத்தில் ஒப்பரேசன் நடந்தது. வெக்கையில் இருக்கவே கூடாது என்று பொரளை டொக்டர் அன்றைக்கே சொன்னவர். இன்னொரு தரம் விழுந்தால் எழும்புவாளோ தெரியாது. ஆகவே புது மெசின் ஒன்றை நான் கெதியாகவும் பிழையில்லாமலும் தெரிவுசெய்ய வேண்டும்.

[அவளுடைய அறைக்கு மட்டும் ஒரு சின்ன மெசின் பூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். அறைக்குள் அடைந்து கிடக்கிற ஆள் இல்லை அவள். பகல் முழுக்க ஹோலில், யேசுவின் திரு இருதயப் பீடத்துக்கு முன்னால்தான் அவளுடைய கதிரை.]

3

முதலில் வந்தவன் ராகுலன், ஒரு பெரிய கொம்பனியின் விற்பனைக்காரன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பீடத்தைக் கண்டு நெஞ்சில் கை வைத்தான். அதோடு அவனுடைய வேலை முடிந்தது.

"அங்கிள், பழசு எத்தனை டன்?"

"மெசின்ல எழுதியிருக்கு, பாரும்."

"அஞ்சு. அப்ப ஆறு போடுவம். சும்மா ஐஸ் மாதிரி இருக்கும்."

"ஏன் ஆறு? வீடு வளர்ந்திட்டுதோ?"

"பெருசாப் போட்டா எப்பவும் நல்லதுதானே அங்கிள்."

"நான் எட்டாம் நம்பர் சப்பாத்துப் போடுறனான், தம்பி. பத்தாம் நம்பர் தந்தீரெண்டா கெதியா நடப்பனோ?"

றஞ்சிதம் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"சரி, பழசு ஏன் செத்தது?"

"உப்புக் காத்து அங்கிள். கடக்கரைப் பக்கம் எல்லா மெசினும் இப்பிடித்தான்."

கடல் மேல் பழியைப் போட்டுவிட்டான். கடலுக்கு முறைப்பாடு எழுத விலாசம் உண்டா? ஒரு சுவரை அளக்கவில்லை. எத்தனை கண்ணாடி, வெயில் எந்தப் பக்கம், வீட்டில் எத்தனை பேர், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காற்சட்டை தைப்பதற்கே டெய்லர் இடுப்பைச் சுற்றி நாடா போடுகிறான். இவன் ஒரு வீட்டுக்கு மெசின் விற்க வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

4

இரண்டாவதாக வந்தவள் பஹ்மியா, இன்னொரு கொம்பனியின் இஞ்சினியர். அவள் பீடத்தைக் காட்டி, "இந்தச் சாமியெல்லாம் தூக்கிப் போடுங்க, அப்பதான் மெசின் ஓடும்" என்று—

இந்த வரியை அடிக்கிறேன். ஆனால் நீங்கள் பார்க்கும்படி அடிக்கிறேன். அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லவே இல்லை. உங்களுக்கு அவள் மேல் ஆத்திரம் வர வேண்டும், நீங்கள் என் பக்கம் சேர வேண்டும் என்று நான் எழுதினேன். எழுதும்போது நல்ல சுகமாக இருந்தது. வாசித்துப் பார்த்தபோதுதான் அருவருத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். அறை அறையாக நாடா பிடித்தாள். கண்ணாடிகளை எண்ணினாள். ஏணி கேட்டு வாங்கி, சீலிங் பலகையை நீக்கித் தலையை உள்ளே விட்டாள். இறங்கும்போது தலைத்துணி முழுக்கத் தூசி. பிறகு மெசினில் காற்றாடியை மட்டும் ஓடவிட்டு, ஒரு மெல்லிய கடதாசியைப் பீடத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஆளுயரப் பீடம் அது, தேக்கு. சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையாது. கடதாசி போய் அந்த விளிம்பில் ஒட்டிக்கொண்டு படபடத்தது.

"அங்கிள், இதுக்குப் பின்னுக்கு காத்து போற கம்பிக் கிறில் ஈக்கிதானே?"

"இருக்கு."

"காத்து திரும்பிப் போக வழியில்ல. அதான் உள்ளுக்கு ஐஸ் கட்டிக் கட்டி கம்பிரசர் எரிஞ்சி போயீக்கி. ஆறு டன் போட்டா இன்னும் கெதியாப் பழுதாப் போகும். இந்த வீட்டுக்கு நாலு டன் போதும். கண்ணாடிக்குத் திரை போடுங்க. இத மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கணும்."

"ஆறு வருஷமாச் சேர்விசுக்கு வந்தவங்கள் ஒருத்தனும் சொல்லேல்லையே?"

"கண்டிருப்பாங்க அங்கிள். சாமி விசயம்தானே. எனக்கும் சொல்ல வெக்கமாத்தான் ஈக்கி."

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள், பீடத்தைக் கும்பிட்டார்கள், மேலே ஏறி எதையோ கழுவினார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் கண்டார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இதற்குப் பெயர் மரியாதையாம்! அந்த மரியாதையால் மெசின் செத்தது. என் பெண்சாதியும் சாகப் பார்த்தாள்.

குசினி அடுப்படியிலிருந்து றஞ்சிதம் சொன்னாள்:

"அது அசையாது, பிள்ளை. வீடு மந்திரிச்ச பாதர் காட்டின இடம்."

5

பாதர் காட்டின இடம் என்று எழுதிவிட்டு மூன்று நாள் பேனையைத் தொடவில்லை.

பாதர் காட்டவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன், பாதர் வந்து புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கிற அன்று காலையில், அந்தத் துவாரம் ஹோல் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு உறுமியது. கொட்டாஞ்சேனைச் சனமெல்லாம் வரப்போகிறது. மகன் கட்டிய வீட்டைப் பார்த்து ஒரு குறை சொல்லக்கூடாது என்று எனக்கு வீம்பு. நானும் என் சிநேகிதன் ஒஸ்வால்டும் பீடத்தைத் தூக்கி, துவாரம் மறையச் சுவரோடு அழுத்தி வைத்தோம். உறுமல் அடங்கியது.

"ஏன் அந்த மூலையில? வெளிச்சமும் இல்லை" என்றாள் றஞ்சிதம்.

"பாதர்தான் அங்க வைக்கச் சொன்னவர்" என்றேன்.

பாதர் அப்போது காலி ஊருக்குப் போகிற வீதியில் வாகன நெரிசலுக்குள் நின்றார். பிறகு வந்தார், எது எங்கே இருந்ததோ அதற்கெல்லாம் தீர்த்தம் தெளித்தார், பலகாரம் சாப்பிட்டார், போனார். இப்போது அவர் உயிரோடு இல்லை. ஒப்பரேசனுக்குப் போவதற்கு முதல்நாள் அவள் அந்த இடத்தில்தான் முழங்காலில் இருந்தாள். பாதர் காட்டின இடத்தில் மன்றாடியதால்தான் திரும்பி வந்தேன் என்று இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்கிறாள்.

பஹ்மியாவின் வாயில் ஒரு வரியை வைத்தேன், உடனே அடித்தேன். பாதரின் வாயில் வைத்த வரி ஆறு வருஷமாக அடிபடாமல் நிற்கிறது.

இன்னுமொன்று. குளிர்க்களஞ்சியத்தில் முதல் நாளே மேற்பார்வையாளர் சொல்லித் தந்தது: பெட்டியைச் சுவரோடு ஒட்டி அடுக்காதே, ஒரு சாண் விடு, காற்றுத் திரும்பாவிட்டால் மீன் நாறிப்போகும். முப்பத்தொரு வருஷம் அந்த ஒரு சாணை விட்டு அடுக்கினவன் நான். ஒட்டி அடுக்கியவர்களைக் கெட்ட வார்த்தையால் ஏசினவன்.

[கொம்பனிக்காரனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தக் கடிதமும் போகும், இதில் பாதியை வெட்டிவிட்டு.]

6

முடிவுகள்.

ராகுலனின் ஆறு டன்னைப் பூட்டலாம். பீடம் அங்கேயே இருக்கும், றஞ்சிதத்துக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சக் காலம் ஐஸ் மாதிரி இருக்கும். பிறகு ஒரு பங்குனியில் மறுபடியும் படிக்கட்டு.

செவ்வாய்க்கிழமை அவள் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துப் பீடத்தை நகர்த்திவிட்டு, பஹ்மியா சொன்னாள் என்று பழியை அங்கே போடலாம். சத்தியமாக இதையும் யோசித்தேன்.

மூன்றாவதை எழுதியே விட்டேன். நான் உண்மையைச் சொல்கிறேன், அவள் கொஞ்சம் அழுகிறாள், பிறகு, "உங்கட விசர்க்கதை எனக்குத் தெரியாதோ" என்று சிரித்துக்கொண்டு—

கிழித்துவிட்டேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. இன்னொருவர் வாயில் இனி நான் வரி வைக்கமாட்டேன்.

அதனால் முதல் மூன்று பகுதிகளையும் இன்று பின்னேரம் அவளிடம் கொடுத்தேன். பஹ்மியா நாளைக் காலை பத்து மணிக்கு முடிவு கேட்டு வருகிறாள். றஞ்சிதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் இருந்து வாசிக்கிறாள், கையில் இருந்த மட்டையால் விசிறியபடி. சப்பாத்துப் பகுதிக்கு வந்துவிட்டாள் போல, சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

"இஞ்சாருங்கோ, மிச்சம் எங்க?" என்கிறாள்.

வாசிக்கிற மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். முடிவு உங்களுடையது இல்லை. மிச்சப் பக்கங்களை இந்த வரியோடு சேர்த்து அவளிடம் கொடுக்கப் போகிறேன்.

றஞ்சிதம், ஐந்தாம் பகுதியை இரண்டு தரம் வாசியும். ஏச வேண்டுமென்றால் ஏசும், நான் குசினியில்தான் நிற்கிறேன். ஒஸ்வால்டுக்கு இப்போது முதுகு ஏலாது. பீடத்தைத் தூக்க இன்னோர் ஆளைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவோ வேண்டாமோ என்று நீர்தான் சொல்ல வேண்டும்.