துண்டு வீசிய மலை

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க மலை ஏறியது தேவதாஸின் வம்சத்திலேயே அவர் ஒருவர்தான். பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவருடைய குப்பத்தைச் சுற்றி மணல்மேட்டைவிட உயரமான இடம் மாதா கோயில் கோபுரம் ஒன்றுதான். அதிலும் அவர் ஏறியதில்லை. ஏறுகிறவனை நம்பியதும் இல்லை.

மாப்பிள்ளையாக வரப் பார்க்கிறவன் பிராங்க்ளின். சொந்த ஊர் சுண்ணாம்புக்குளம், பிழைப்பு விசாகப்பட்டினத்தில். கடலைப் பார்த்தாற்போல் நிற்கும் ஒரு மலையுச்சிப் பூங்காவில் செடி பார்க்கிற வேலை. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று இளைய மகள் பிரின்சி ஒரு வருஷமாகச் சாதிக்கிறாள். "செடிக்குத் தண்ணி ஊத்துறவனுக்குப் பொண்ணு குடுக்க எனக்கு இன்னா தலயெழுத்து" என்று இவரும் ஒரு வருஷமாகச் சாதித்தார். ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையிடம் பட்டவர். மூத்தவள் புருஷன் வின்சென்ட் எதைச் சொன்னாலும் "ஆமா மாமா" என்பான். ஆமா சொன்ன எதையும் அவன் செய்ததில்லை.

கடைசியில் மனைவி ஜெபசெல்விதான் ஒரு வழி பண்ணினாள். மஞ்சள் பை நிறையக் காய்ந்த இறாலைக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"நேர்ல போயி பாரு. புடிச்சிருந்தா இத்த அவன் கையில குடு. புடிக்கலனா திருப்பி எடுத்துனு வா. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லத் தேவல. உன் வாயி எனக்குத் தெரியும்."

அதனால் ரயிலில் வரும்போது பிரின்சி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வழியெல்லாம் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பூங்கா வாசலில் பிராங்க்ளின் நின்றிருந்தான். முழங்கால் வரை செம்மண். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றான்.

"யாருக்கு மாமா? இன்னும் ஆவல."

"சரி, வாங்க பெரியவரே" என்றான் அவன், முகம் மாறாமல். சுமையை வாங்கிக்கொள்ளும் மரியாதைக்குக் கையையும் நீட்டினான். தேவதாஸ் பையைச் சட்டென்று மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிரின்சி உதட்டைக் கடித்தாள்.

வேலை நாள். பூங்காவில் ஆள் நடமாட்டமே இல்லை. அவ்வளவு அமைதி தேவதாஸுக்குச் சந்தேகமாக இருந்தது. மனுஷன் பேசாத இடத்தில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்பது அவர் கணக்கு. சுற்றுமுற்றும் பார்த்தபடி நடந்தார். பார்க்கப் பார்க்கக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இந்தப் புல்ல ஆடு மேயாதா?"

"விடமாட்டோம்."

"அப்போ யாருக்கு வளக்குறீங்க?"

"பாக்குறதுக்கு."

"புல்லப் பாக்கவா?" நாலு அடி போய் ஒரு புதர் முன்னால் நின்றார். "இது இன்னா?"

"யான. அந்த மாதிரி வெட்டி வுட்டுருக்கேன்."

"தும்பிக்கை எங்க?"

"மழைல ஒடஞ்சிபோச்சி. வளந்துகினு இருக்குது."

தேவதாஸ் அந்த யானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

மலை விளிம்பில் இடுப்பளவுக்குச் சிமெண்டுச் சுவர். அதை ஒட்டி வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. கீழே கடல்.

ஏரியிலும் கடலிலும் கிடந்தே ஆயுசைக் கழித்தவர். அவருக்குக் கடல் என்றால் கண்ணுக்கு நேரே நிற்கிற ஒரு கோடு. இங்கே அது பாய் விரித்தாற்போல் மல்லாந்து கிடந்தது. அலைகள் எங்கே கிளம்பி எப்படி வருகின்றன என்பதுகூடத் தெரிந்தது. படகுகள் நெல்மணி மாதிரி. கடலுக்கு இப்படி ஒரு முதுகு உண்டு என்று இதுவரை ஒருத்தரும் அவரிடம் சொன்னதில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தார். நீர்மேல் கருப்பாக ஒரு திட்டு. பெரிய திட்டு. மெல்ல நகர்ந்து கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே வலையோடு ஒரு ஃபைபர் படகு, அதைக் கவனிக்காமல் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

குப்பத்தில் கரைவலை போடும்போது ஒருவர் மணல்மேட்டில் நின்று தண்ணீரின் நிறம் பார்ப்பார். மீன்கூட்டம் தெரிந்தால் துண்டை வீசிப் படகுக்கு வழி காட்டுவார். துண்டு போகிற பக்கம் படகு போக வேண்டும். அந்த ஒருவர் தேவதாஸ்தான். ஆளுயர மேட்டிலிருந்தே மீனைக் கண்டவருக்கு இங்கே ஒரு மலையே கிடைத்திருக்கிறது. விடுவாரா? பையை இடுக்கிக்கொண்டு சுவர்மேல் ஏறினார். தோளிலிருந்த துண்டை உருவி இடப்பக்கமாக வீசினார்.

"டேய், இந்தாண்ட போடா. இந்தாண்ட."

தூரத்து பெஞ்சில் இருந்த ஒரு குடும்பம் தங்களுக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டியது. கிழவர் குதிக்கப் போகிறார் என்று காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"நைனா, எறங்கு. பேஜார் பண்ணாத" என்று பிரின்சி கெஞ்சினாள்.

பிராங்க்ளின் ஓடிவந்து முதலில் அவர் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். காவலாளியைச் சைகையால் நிறுத்தினான். பிறகுதான் கேட்டான். "இன்னா பாத்தீங்க?"

"மீனுடா. அதோ பாரு, எவ்ளோ பெரிய கூட்டம். அந்தக் குருட்டுப் பசங்க வுட்டுட்டுப் போறானுங்க."

பிராங்க்ளின் பார்த்தான். "அது மீனு இல்லீங்க. மேகத்தோட நெழலு."

பிரின்சி கண்ணை மூடிக்கொண்டாள். குப்பத்தில் தேவதாஸ் மீன் என்றால் மீன்தான். மறுபேச்சு கிடையாது.

"நீ என்னிக்காவது கடல்ல எறங்கிக்கிறியா?"

"இல்ல."

"வல புடிச்சிக்கிறியா?"

"இல்ல."

"அப்போ வாய மூடு."

"மூடிக்கிறேன். ஆனா அது நெழலுதான்."

"ஆமான்னு சொல்லிட்டுப் போனா இன்னா கொறஞ்சிடும் உனக்கு" என்று பிரின்சி அவன் காதருகே சீறினாள். அவன் பிடித்த வேட்டியை விடவில்லை. "கொஞ்சம் நில்லுங்க பெரியவரே. மீனா இருந்தா தண்ணியோட நின்னுடும். நெழலா இருந்தா ரோட்டத் தாண்டும்."

மூவரும் பார்த்தார்கள். காவலாளியும் வந்து எட்டிப் பார்த்தார். கருந்திட்டு அலைக்கு வந்தது. நிற்கவில்லை. மணலில் ஏறியது, ரோட்டைத் தாண்டியது, போகிற பஸ் ஒன்றை முழுங்கி உமிழ்ந்தது. தென்னந்தோப்பை மூடிக்கொண்டு சரிவில் மேலே வந்தது. சுவர், புல்தரை, தும்பிக்கையில்லாத யானை எல்லாம் மங்கின. தேவதாஸின் கையிலிருந்த துண்டு வெளுப்பு இழந்தது. வெயில் சட்டென்று அடங்கி உடம்பு குளிர்ந்தது.

அண்ணாந்து பார்த்தார். மேகம்தான். தலைமேல் நிழல் விழுந்து அண்ணாந்த நாட்கள் அவருக்கு எத்தனையோ உண்டு. அது புறப்பட்டு வருவதை இன்றுதான் பார்த்தார்.

சுவரிலிருந்து இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார்.

"தெனம் வருமா இது?"

"மத்தியானத்துக்கு மேல வரும். வராத நாள்ல புதுச் செடி வெயில்ல வதங்கிடும்."

"எம்மா நேரம் நிக்கும்?"

"ஒரு செடி நடுற நேரம்."

"இன்னைக்கி நட்டியா?"

"நீங்க சொவுத்து மேல ஏறிட்டீங்களே."

தேவதாஸின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. கக்கத்திலிருந்த பையை எடுத்து அவன் முன்னால் நீட்டினார். "இந்தா."

"குடுங்க, கீழ போறவரைக்கும் நானே தூக்கினு வர்றேன்."

"தூக்கினு வர்றதுக்கு இல்ல. வறுத்துத் துன்னு. மண்ணு இருக்கும், நல்லா அலசு."

பிரின்சி திரும்பிக்கொண்டு யானையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்குவது ஏன் என்று காவலாளிக்குப் புரியவில்லை. பிராங்க்ளினுக்கும் புரியவில்லை. அவன் பையை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

தேவதாஸ் மறுபடி சுவருக்குப் போய்விட்டார். "ஏ, இங்க வா. தூரத்துல இன்னொண்ணு கருப்பா வருது பாரு. அது மீனா, நெழலா?"

அவன் கண்மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தான். "தெரியல மாமா."

"எனக்கும் தெரியல" என்றார் அவர். "நில்லு, வரட்டும்."