பால் மறக்கப் பாகல் இலை

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். சொன்னவரைக் கூட்டி வாருங்கள், இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். பேச்சியம்மாவின் பிள்ளை, பிழைப்புக்காகக் கடல் தாண்டிக் கண்டிக்கு நடந்து வந்த காட்டுவழியிலேயே காய்ச்சலில் போய்விட்டது. தெல்தெனியப் பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்கு அவளும் புருஷனும் வந்து சேர்ந்தபோது, நெஞ்சில் கட்டிய பால்தான் அவளிடம் மிச்சம். அதே வாரம் கூலியாட்களின் வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராவில் இருளப்பனின் மனைவி பிரசவத்தில் இறந்தாள். அவள் பெற்ற பிள்ளையை யாரும் கொடுக்கவுமில்லை, இவள் கேட்கவுமில்லை. தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவன்தான் மூக்கையா.

இப்போது அவனுக்கு இரண்டரை வயது. தோட்டமெல்லாம் ஓடி வாயாடிவிட்டு, பசித்தால் வந்து அவள் சேலைக்குள் நுழைந்துகொள்வான்.

காப்பிப் பழம் பறித்து முடிந்து, ஆட்கள் ஊருக்குத் திரும்பும் காலம் வந்தது. இருளப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ஊர்ல எங்காத்தா பேரனப் பாக்காம கண்ண மூட மாட்டேங்குது. இவனக் கூட்டிட்டுப் போறேன். பால மறக்க வச்சிருங்க."

வேண்டாமென்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை? அவள் புருஷனோ தோட்டத்திலேயே தங்குவதென்று முடிவு செய்துவிட்டான்.

"தகப்பன் நீ. கூட்டிட்டுப் போ," என்றாள்.

மறுநாள் காப்பிச் செடிகளின் ஓரத்தில் படர்ந்திருந்த காட்டுப்பாகல் இலையை அரைத்து மார்பில் பூசிக்கொண்டாள். அந்தக் கசப்புக்குக் காய்ச்சலே ஓடும். பிள்ளை ஓடாதா?

மூக்கையா வாயை வைக்கவே இல்லை. பச்சை விழுதைக் கண்டதும் அவன் முகம் சுருங்கியது. அட்டை கடித்துத் தன் காலில் புண் வந்தபோதெல்லாம் ஆத்தா பூசிய மருந்தல்லவா அது! பூசியபின் அவள் செய்வதையே அவனும் செய்தான். கன்னம் உப்ப ஊதினான்.

"ஆத்தாவுக்குப் புண்ணா?"

பேச்சியம்மாவுக்கு அழுகை முட்டியது. "ஆமாடா ராசா."

அதன்பிறகு அவன் பால் கேட்கவில்லை. கஞ்சி குடித்தான். காலையில் எழுந்ததும் வந்து ஊதிவிட்டு, "ஆறிருச்சா?" என்பான். "இன்னும் இல்லடா," என்பாள். கசந்து விலகியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

புறப்படும் அன்று இருளப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டான். ஊருக்குப் போகிற குஷியில் இருந்த மூக்கையா, பேச்சியம்மா மட்டும் நின்றுவிட்டதைப் பார்த்ததும் வீறிட்டான்.

"ஆத்தாவுக்குப் புண்ணு! யாரு ஊதுவா?"

அந்தக் கவலையோடு அவனை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆறிருச்சுடா தங்கம்! சுத்தமா ஆறிருச்சு. நீ போய்ட்டு வா!"

அழுகை சட்டென்று நின்றது. முகமெல்லாம் சிரிப்பாக, பால் குடிக்க இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினான்.

இருளப்பன் நின்றான். ஆனால் திரும்பவில்லை. திரும்பினால் போக முடியாதென்று அவனுக்குத் தெரியும். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாத்தளைப் பாதையில் நடந்தான்.