எட்டு அடுக்கும்

உயிரடங்கிக் கிடந்த அண்ணனின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு அண்ணி நிமிர்ந்தாள்.

"அந்த டிஸ்க்க எடுத்துட்டு வா. அவர் நெஞ்சு மேல வெச்சு அனுப்பலாம். எட்டு அடுக்கும் படிக்குதுன்னு நீ நேத்து சொன்னியே."

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று மருத்துவமனையில் அவள் சொன்னது பச்சைப் பொய்.

அண்ணனும் தங்கையும் பதினோரு வருடமாக ஒரே ஆய்வுக்கூடத்தில், தகவல் சேமிக்கும் அந்த டிஸ்க் வட்டோடு மல்லுக்கட்டியவர்கள். ஒரே வட்டுக்குள் எட்டுத் தகவல் அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே மயிரிழையைவிட மெல்லிய பசை. நான்காவது வரை ஒளி சமர்த்தாகப் படிக்கும், ஐந்தாவதிலிருந்து உளறும். பசை எல்லா அடுக்கிலும் ஒரே அளவாக இல்லை என்று அண்ணன் அளவை இறுக்கிக்கொண்டே போனான். இம்மி பிசகினாலும் வட்டு குப்பைக்கூடைக்குத்தான். பிடிவாதத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நேற்று அவள் பசை பரப்பிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அவசரத்தில் ஓர் அடுக்கில் தடிப்பு, ஓர் அடுக்கில் மெலிசு என்று அளவெல்லாம் தாறுமாறானது. எப்படியோ முடித்துவிட்டு, ஓட்டிப் பார்க்காமலே ஓடினாள். மருத்துவமனைக் கட்டிலில் அவன் கண்ணாலேயே கேட்டான்.

"எட்டும் படிக்குதுண்ணா."

அந்தப் பொய்யை அவன் நெஞ்சில் வைத்து அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. படிக்காததைக் கண்ணால் பார்த்துவிட்டு அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். அமரர் வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆய்வுக்கூடம் இரண்டு தெரு தள்ளி.

வட்டை ஓட்டினாள். நான்காவது படித்தது. ஐந்தாவதும் படித்தது. எட்டு வரை தங்குதடையின்றிப் படித்தது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் எட்டு.

பசையின் தடிமனை அளந்து பார்த்தபோதுதான் உறைத்தது. இடைவெளிகள் ஒரே அளவாக இருந்தால் எல்லா அடுக்குகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்துவிடும், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காத மாதிரி. வெவ்வேறு அளவாக இருந்தால் தனித்தனியாக வரும். பிசகிய வட்டுகளை ஒருநாளும் ஓட்டிப் பார்க்காமலே எறிந்திருக்கிறார்கள், இரண்டு மேதாவிகளும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

திரும்பி வந்ததும் சொன்னாள். "அண்ணி, நேத்து நான் சொன்னது பொய்."

"தெரியும். அவருக்கும் தெரியும். நீ அந்தப் பக்கம் போனதும், மூச்சு வாங்கிக்கிட்டே, 'கழுத பொய் சொல்றா, ஓட்டியே பாத்திருக்க மாட்டா. எப்படியாவது பாக்க வெச்சிடு'ன்னார். நான் கேக்கலேன்னா நீ இன்னிக்கு லேப் பக்கம் போயிருப்பியா?"

தங்கை வட்டை அண்ணியிடம் நீட்டினாள்.

"சரி, படிச்சுதா?"

"எட்டும் படிச்சுது அண்ணி."

வாசலில் வண்டி வந்து நின்றது. தங்கை அண்ணனின் காதருகே குனிந்து, ஒவ்வோர் இடைவெளியின் அளவையும் நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். அண்ணி வெளியே போய், வண்டிக்காரரைக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னாள்.